கல்லீரல் ஓரம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

பதிலை வீட்டுக்குப் போடாதே. நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டர் முகவரிக்குப் போடு. போனும் வேண்டாம். போன் கூடத்தில் இருக்கிறது, சிட்டு அதற்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் காது எத்தனை நீளம் என்று உனக்குத் தெரியாது.

சிட்டுவுக்கு டயாலிசிஸ் இப்போது வாரம் மூன்று தடவை. போன தடவை நர்ஸ் நாலாவது முறையாக ஊசி குத்தினார். அப்போதும் அவள் அழவில்லை. "அப்பா, நீங்க வெளிய போங்க. நீங்க மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டா எனக்குக் கூடக் கொஞ்சம் வலிக்குது" என்றாள். நான் வெளியே வந்து கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது, மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னை முதல் நாளே ஒதுக்கிவிட்டார்கள். அவள் அம்மாவின் ரத்த வகை சேரவில்லை. பட்டியலில் பெயர் பதிந்திருக்கிறோம். முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் எம்.ஆர்.ஐ. அறைக்குப் புது ஏசி வந்திருக்கிறது. உள்ளே போனால் பல் கிட்டிக்கிறது. மாடிப்படிக்கு வெள்ளை அடித்தார்கள். வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

உன் தம்பி


ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தானின் முழங்கால், வேலை சொன்னால் வலிக்கிறது, சாப்பிடக் கூப்பிட்டால் சரியாகிவிடுகிறது.

ஏசி வந்ததையும் மாடிப்படிக்கு வெள்ளை அடித்ததையும் எழுதத் தெரிந்த உனக்கு, கேட்க வேண்டியதைக் கேட்க மட்டும் பேனா வரவில்லை. என் ரத்த வகை என்ன என்று உனக்குத் தெரியாதா? சிட்டுவின் வகைதானே எனக்கும்.

அத்தானிடம் சொன்னேன். கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "உனக்கு ரெண்டு இருக்கில்ல? நாக்கு ஒண்ணுதான், அத வச்சே இவ்வளவு சமாளிக்கிற. கிட்னி ஒண்ணு போதும்" என்றார். ராத்திரி தூங்கவில்லை என்று காலையில் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். கடையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஆர்டர் முடிய ஒரு மாதம். நடுவில் சோதனைகள் எல்லாம் ஆகட்டும். குழந்தையிடம் அத்தை வருகிறாள் என்று மட்டும் சொல். எதற்கு என்று சொல்லாதே.

மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ரத்தச் சோதனை, திசு எல்லாம் பொருந்திவிட்டது என்று படித்ததும் ஸ்கேன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நன்றி என்று உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அடுத்து உன் வயிற்று ரத்தக்குழாய்களைப் பார்ப்பார்கள். சிறுநீரகத்துக்குப் போகிற குழாய் ஒவ்வொரு பக்கமும் எத்தனை, எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கத்தி வைக்க முடியும். இரண்டு வழி உண்டு. பழைய வழி ஆஞ்சியோ. தொடையில் ஊசி போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே வயிறு வரை ஏற்றி, மருந்தைப் பாய்ச்சி எக்ஸ்ரே எடுப்பார்கள். இன்னொன்று நான் எடுக்கிற எம்.ஆர்.ஐ. கையில் ஓர் ஊசி மட்டும்தான். உனக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருப்பது நல்லது.

ஒன்றை மட்டும் நினைவில் வை. உள்ளே படுத்ததும் ஒலிபெருக்கியில் குரல் வரும். மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்து. இருபது விநாடி. நடுவில் மூச்சு விட்டால் குழாயின் ஓரம் நெளிநெளியாகத் தெரியும். நோய் உள்ள குழாயும் அப்படித்தான் தெரியும். எது எது என்று தெரியாமல் பெரிய டாக்டர்களே திண்டாடுவார்கள். இப்போதிருந்தே பழகிக்கொள்.

படம் எடுத்ததும் ஃபிலிம் ஒரு பிரதி வாங்கி எனக்கு அனுப்பு. பத்தொன்பது வருடமாக ஊரார் வயிற்றைப் பார்க்கிறேன், உன் வயிற்றைப் பார்க்க மாட்டேனா.

உன் தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். சிட்டு எப்படி இருக்கிறாள்? கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று அந்தக் குகைக்குள் போய் வந்தேன். மூன்று வாரமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பழகினேன். கடைப்பெண்கள் இரண்டு பேரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எண்ணுவார்கள். இருபது எனக்கு விளையாட்டு, முப்பது வரை தம் கட்டினேன். உள்ளே குரல் வந்ததும் வெளியே விட்டேன், நிறுத்தினேன், அசையவில்லை. படம் எடுத்தவரே, "அம்மா, சிலை மாதிரி இருந்தீங்க" என்று பாராட்டினார்.

ஆனால் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய், நல்லது. வலப்பக்கக் குழாயில் லேசான நெளிவு, "மூச்சு அசைவால் இருக்கலாம்". நான் மூச்சு விட்டேனாம்! படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபரேஷன் செய்யப் போகிற பெரிய டாக்டர் சொன்னார்: "மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னா ரெண்டு மாசம் காத்திருக்கணும். சந்தேகமா இருந்தா ஆஞ்சியோ பண்ணிடலாம். இல்ல, இதுவே போதும்னாலும் சரி. உங்க தம்பி இதே வேலைதானே? அவரையும் ஒரு வார்த்தை கேளுங்க." ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். ஆஸ்பத்திரியைப் பார்த்த பதற்றம் என்று நர்ஸ் சொன்னாள்.

ஃபிலிம் இத்துடன். பார்த்து உடனே எழுது. நீ சொன்னால் அப்படியே செய்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று எண்ணுகிறேன். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம். சிட்டுவுக்கும் நடுவில் காய்ச்சல்.

ஃபிலிமைப் பார்த்தேன். நல்ல படம். இரண்டு பக்கமும் ஒற்றைக் குழாய், டாக்டர்கள் ஆசைப்படுகிற மாதிரி. கல்லீரலும் குறையில்லாமல் இருக்கிறது, ஓரமெல்லாம் கத்தரித்து வைத்ததுபோல். வலப்பக்க நெளிவைப் பற்றிக் கவலைப்படாதே. மூச்சை அடக்கினோம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உள்ளே ஒரு நூல் அளவு விட்டிருப்போம். தினமும் பார்க்கிறேன். நீயும் விட்டிருப்பாய்.

ஆஞ்சியோ தேவையில்லை. தொடையில் குத்த வேண்டும், ரத்தம் கட்டலாம், ஆறு மணி நேரம் காலை மடக்காமல் கிடக்க வேண்டும். அந்த மருந்து சிறுநீரகத்துக்கே ஆகாது. கொடுக்கப் போகிற சிறுநீரகத்தில் போய் அதை எதற்கு ஊற்ற வேண்டும்? இப்போது பல இடங்களில் எம்.ஆர்.ஐ.யோடு முடித்துக்கொள்கிறார்கள்.

பெரிய டாக்டரிடம், "தம்பி பார்த்தான், போதும்னு சொன்னான்" என்று சொல்லிவிடு. தேதி வாங்கிக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 13

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். காய்ச்சல் விட்டதா?

கூடப் பிறந்தவனே என்னை மூச்சு விட்டவள் ஆக்கிவிட்டாய். யாரோ ஒரு டாக்டர் எழுதினால் துடைத்துப் போட்டுவிடலாம். நீ எழுதினதைப் படித்துவிட்டு ஒரு முழு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அத்தான் தானாக எழுந்து காபி போட்டுக்கொண்டார், அவ்வளவு தூரம்.

முப்பது வருடமாக அளவெடுக்கிறேன். அரை விரல் தப்பினாலும் பிரித்துத் தைப்பவள். சந்தேகம் உள்ள தையலை அப்படியே வாடிக்கையாளர் கையில் கொடுத்தது கிடையாது. குழந்தை உடம்புக்குள் போகிற சாமானை "இருக்கலாம்" என்று எழுதிக் கொடுப்பதா? ஆஞ்சியோவுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். 22ஆம் தேதி. குத்துவதும் காலை மடக்காமல் கிடப்பதும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. படம் பளிச்சென்று வரும். அப்போது அந்த அறிக்கை எழுதினவரையும் உன்னையும் ஒன்றாக நிற்க வைத்துக் கேட்கிறேன்.

குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. வேண்டாம். செய்யாதே.

ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தக் குழாய் போகிற வழியில் ரத்தக்குழாய்ச் சுவரையே கிழித்துவிடும். மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டும். நீ நன்றாக இருக்கிறாய், எதற்கு இந்த வம்பு? நீ மூச்சு விடவில்லை என்றே வைத்துக்கொள், என்ன இப்போது? யாருக்கு நிரூபிக்க வேண்டும்?

சிட்டுவுக்கு நேற்று டயாலிசிஸ் நடுவில் ரத்த அழுத்தம் விழுந்து நினைவு தப்பிவிட்டது. எங்களுக்கு நாள் இல்லை. ஆஞ்சியோ என்று இழுத்தால் ஆபரேஷன் இன்னும் தள்ளிப் போகும். தயவுசெய்து கேள். உன் காலில் விழுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்று கேட்காதே.

உன் கடிதம் எல்லாம் முடிந்த மறுநாள்தான் வந்தது. 21ஆம் தேதி கடைக்குப் போன் வந்ததாம். நான் போய் எடுப்பதற்குள், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிட்டாயாம். அன்றைக்கு ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் உன் குரலைக் கேட்டாவது நின்றிருப்பேனோ என்னவோ.

ஆஞ்சியோவில் படம் பளிச்சென்றுதான் வந்தது. பெரிய டாக்டரே திரையில் காட்டினார். இரண்டு பக்கக் குழாயும் சுருக்கு வைத்துத் தைத்த சட்டைக் கை மாதிரி, இடுங்கி, புடைத்து, மறுபடி இடுங்கி. வலப்பக்கம் அதிகம், இடப்பக்கமும் இருக்கிறது. குழாய்ச் சுவரிலேயே உள்ள கோளாறாம், பல வருடமாக இருக்குமாம். ரத்த அழுத்தம் கூடியதும் அதனால்தானாம். "உங்களுக்கே ரெண்டும் வேணும்மா. ஒண்ண எடுத்துட்டா, மிச்சம் இருக்கிறது எத்தன நாள் ஓடும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

நான் விடவில்லை. எழுதித் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கெஞ்சினேன். படுத்த படுக்கையில் காலை மடக்கக் கூடாது என்பதையும் மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து படுக்க வைத்தாள். டாக்டர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார். என் ஃபைலை மூடிவிட்டார்கள்.

என் வீம்பால் வந்தது. நீ படித்துப் படித்துச் சொன்னாய். மூச்சு விட்டேன் என்று சொன்னதற்கு ரோஷப்பட்டுப் போய், குழந்தையின் வாயில் மண்ணைப் போட்டேன். அந்தக் கோளாறு எனக்கு இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லையே, இனிமேலும் செய்யாமல் இருந்திருக்கலாம் அல்லவா? மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

அக்கா


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

சிட்டு எப்படி இருக்கிறாள்?

மூன்று வாரமாகத் தபால்காரர் வரும் நேரத்தில் கடை வாசலில் நிற்கிறேன். வீட்டுக்குப் போன் செய்தேன். சிட்டு எடுத்தாள். "அத்தை, உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். ஜலதோஷம் என்றேன். உன் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று அவளை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி இருந்தது.

கோபமாக இரண்டு வரி எழுதினாலும் போதும். திட்டு. இப்படிப் பேசாமல் இருக்காதே. எனக்குத் தாங்கவில்லை.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? சிட்டுவுக்கு நுரையீரலில் நீர் கோத்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நேற்று வீட்டுக்கு வந்தாள். மாடிப்படி ஏற முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஏறினேன். கனமே இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ வேண்டுமென்றா செய்தாய். நடந்தது நடந்துவிட்டது. அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடு.

உன் தம்பி


ஜூன் 30

அக்கா,

போன கடிதத்தில், உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினேன். அதை எழுதின கையை வெட்டிப் போட வேண்டும்.

நீ மூச்சு விடவில்லை. ஃபிலிம் வந்த அன்றே எனக்குத் தெரியும். விளக்குப் பெட்டியில் மாட்டினேன். மூச்சு அசைந்திருந்தால் குழாய் மட்டும் நெளியாது. பக்கத்தில் உள்ள கல்லீரலின் ஓரமும் இரட்டைக் கோடாகக் கலங்கியிருக்கும். முதலில் பார்ப்பது அதைத்தான். உன் கல்லீரல் ஓரம் கத்தியால் கீறியதுபோல் அத்தனை கூர்மை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக மூச்சை அடக்கினவர்களை நான் பார்த்ததில்லை. அப்படியானால் அந்த நெளிவு குழாயில்தான். உன் ரத்த அழுத்தமும் அதையே சொன்னது. அறிக்கை எழுதினவர் அவசரத்தில் கல்லீரலைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மூன்று வாரம் தினமும் எடுத்து மாட்டிப் பார்த்தேன், என்றைக்காவது கலங்கலாகத் தெரியாதா என்று.

பிறகு உனக்கு எழுதினேன், நீயும் விட்டிருப்பாய் என்று. ஆஞ்சியோவைப் பற்றி எழுதியது எதுவும் பொய் இல்லை. எல்லாம் புத்தகத்தில் உள்ளது. ஆனால் நான் பயந்தது அதற்கெல்லாம் இல்லை. அதில் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். ஒரு சிறுநீரகத்தோடு உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தேதி வாங்கு என்று எழுதினேன். என் பெண்ணுக்காக உன்னைக் கொல்லத் துணிந்தேன். வேறு எப்படிச் சொன்னாலும் அது அழகுபடுத்துவதாகும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கு வந்துவிடும். அதைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று சிட்டு, "அத்தை மேல கோவமாப்பா? அவங்க பாவம்ப்பா, போன்ல அழுதாங்க. என்னாலதானே?" என்றாள். இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

இங்கே அத்தானும் நானும் இருக்கிறோம்.

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. அத்தானிடம் காட்டவில்லை. கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். கடைப்பெண்கள் துணியை மடித்து வைத்துவிட்டார்கள்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். வந்தது. ஒரு நாள் முழுக்க, நீ என் கண் முன்னால் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாத அளவுக்கு இருந்தது. பிறகு, உன் இடத்தில் நானாக இருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. உனக்கு மகள் என்றால் எனக்கு மருமகள் அல்லவா.

மனதை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருப்பது வேறு ஒன்று. அதை எழுதக் கூடாது என்றுதான் எட்டு நாளும் இருந்தேன்.

நான் எதற்கு ஆஞ்சியோவுக்குப் போனேன்? நான் மூச்சு விட்டேன் என்று நீ எழுதினாய், அதனால் போனேன். நீ மட்டும் ஒரே ஒரு வரி, "அக்கா, நீ மூச்சு விடவில்லை, உன் குழாயில்தான் கோளாறு, ஆனாலும் எனக்கு வேண்டும்" என்று எழுதியிருந்தால், அன்றைக்கே பெரிய டாக்டரிடம் போய், "ஆமா டாக்டர், மூக்கு அரிச்சுது, மூச்சு விட்டுட்டேன். இதுக்கு ஆஞ்சியோ எல்லாம் எதுக்கு?" என்று சொல்லியிருப்பேன். அவர் சிரித்திருப்பார். மே மாதமே ஆபரேஷன் நடந்திருக்கும். எனக்கு அதற்குப் பிறகு வந்திருக்கக் கூடியதை நானும் அத்தானும் பார்த்துக்கொண்டிருப்போம். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. செய்திருப்பேன் என்பது தெரியும். உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உன்னைத் தண்டிக்க இதை எழுதவில்லை என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சிட்டுவுக்கு இன்று எப்படி இருக்கிறது? வேறு எதுவும் எழுத வேண்டாம். அதை மட்டும் எழுது, உள்ளது உள்ளபடி.

அக்கா